அரசியலமைப்பு நாடகத்துக்கு ஐந்து லட்சம்: அரங்க வாடகைக்கா, ஒத்திகைக்கா?

கேள்வி, 4 ஆகஸ்ட் 2024

ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து சிறிய அறக்கட்டளை ஒன்று நடத்துகிறோம். இந்த ஆண்டு 5 லட்சம் ரூபாயை ஒரே வேலைக்கு ஒதுக்கியிருக்கிறோம். அரசுப் பள்ளி ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புச் சட்டத்தை நாடகமாகக் காட்ட வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனின் கதையைச் சொல்லும் 'ஹாமில்டன்' இசை நாடகத்தை அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து டாலருக்குக் காட்டினார்களே, அதுபோல நகரத்தில் நல்ல அரங்கம் எடுத்து, பஸ் வைத்துப் பிள்ளைகளை அழைத்து வரலாம் என்று நினைக்கிறோம். நவம்பர் 26, அரசியலமைப்பு நாள் அன்றே வைக்கலாமா?

5 ஆகஸ்ட்

இரண்டுமே வேண்டாம். முதலில் தேதி. நவம்பர் 26 வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. திறந்தவெளியில் போட்டால் மழை கெடுக்கும். தகரக் கூரைக்குக் கீழே போட்டால் மழைச் சத்தம் வசனத்தை விழுங்கும். மாவட்ட நிர்வாகம் விடுமுறை அறிவித்துவிட்டால் பஸ் முன்பணமும் போகும். அடுத்த இரண்டு வாரத்தில் அரையாண்டுத் தேர்வு என்பதால் ஆசிரியர்களும் பாடம் முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் தொடங்கி ஜனவரி 26ஐ ஒட்டி முடிப்பது நல்லது. அப்போது ஒன்பதாம் வகுப்பு கிடைக்கும். பத்தாம் வகுப்பைப் பொதுத்தேர்வுக்கு முன்னால் அசைக்க முடியாது. அவர்களுக்கு வேண்டுமானால் ஜூன் கடைசி, ஜூலை. குடிமையியலில் முதல் பாடமே இந்திய அரசியலமைப்புதான், வகுப்பில் அதை நடத்தும் நேரமும் அதுவே.

அரங்கம் பற்றி நாளை எழுதுகிறேன்.

6 ஆகஸ்ட்

ஹாமில்டன் திட்டத்தில் பத்து டாலர் டிக்கெட்டைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பத்து டாலர் நோட்டில் ஹாமில்டன் படம் இருப்பதால் அந்த எண் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தத் திட்டத்தின் உயிர் டிக்கெட்டில் இல்லை.

2015 அக்டோபரில் ராக்பெல்லர் அறக்கட்டளை 14 லட்சத்து 60 ஆயிரம் டாலர் கொடுத்தது. நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளில், வருமானம் குறைந்த குடும்பப் பிள்ளைகள் அதிகமாகப் படிக்கும் இடங்களிலிருந்து 20,000 பேர் நாடகம் பார்ப்பதற்கான பணம் அது. தலைக்கு 73 டாலர் வருகிறது. பாடத்திட்டத்தை உருவாக்கியது கில்டர் லேர்மன் அமெரிக்க வரலாற்று நிறுவனம். நாடகத்துக்குப் பல வாரம் முன்பே வகுப்பில் வேலை தொடங்கிவிடும். ஒவ்வொரு மாணவரும் அந்தக் காலத்து மனிதர் ஒருவரையோ, நிகழ்ச்சியையோ, ஆவணத்தையோ எடுத்துக்கொண்டு மூல எழுத்தைப் படிக்க வேண்டும். படித்ததை வைத்துச் சொந்தமாக ராப், கவிதை, சிறு காட்சி என்று ஒன்று ஆக்க வேண்டும். நாடக நாளன்று காலையில், பள்ளிக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்த படைப்புகளை அந்த நாடகம் ஓடும் அதே பிராட்வே மேடையில் பிள்ளைகளே நிகழ்த்துவார்கள். பிறகு நடிகர்களோடு கேள்வி பதில். உண்மையான நாடகம் மதியம்தான். முதல் நாள் 2016 ஏப்ரல் 13, ரிச்சர்ட் ராஜர்ஸ் அரங்கம், ஏறக்குறைய 1,300 மாணவர்கள். அதே ஆண்டில் மற்ற நகரங்களுக்கும் விரிக்க மேலும் 60 லட்சம் டாலர் வந்தது.

பிள்ளை மேடையேறிய பிறகுதான் பார்வையாளராக உட்காருகிறது. இந்த வரிசையை எடுத்துவிட்டு அரங்கத்தையும் பஸ்ஸையும் மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது ஒரு நாள் சுற்றுலா. அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பெரிய நாடகம் இருந்தது, அதற்கு அழைத்துப்போனார்கள். நம்மிடம் அப்படி ஓடிக்கொண்டிருக்கும் நாடகம் இல்லை. ஆகவே நாடகம் பள்ளிக்குப் போகட்டும்.

6 ஆகஸ்ட், இரவு

விட்டுப்போன ஒன்று. ஹாமில்டனை அரசியலமைப்புப் பாடமாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்க அரசியலமைப்பை எழுதிய 1787 பிலடெல்பியா மாநாட்டை நாடகம் வேகமாகக் கடந்துவிடுகிறது. மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிய ஏற்பாடு பாட்டுகளில் வருவதில்லை. வகுப்பறை ஆவணம்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். நியூயார்க் மாநிலம் 1788 ஜூலை 26 அன்று அரசியலமைப்பை ஏற்றது 30க்கு 27 என்ற வாக்கில். அந்த 27 பேர் ஏன் எதிர்த்தார்கள் என்பது அரசியலமைப்பை ஆதரித்து ஹாமில்டன் எழுதிய 51 கட்டுரைகளின் அளவுக்கு முக்கியம். எதிர்த்தவர்களின் நெருக்கடியால்தான் 1791இல் உரிமைகள் பட்டயம் சேர்ந்தது. நம் நாடகத்துக்கும் இதையே விதியாக வையுங்கள்: தோற்ற தரப்புக்கும் நல்ல வசனம் வேண்டும்.

8 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் கணக்கு கேட்டிருக்கிறார். 20 பள்ளி, பள்ளிக்கு 200 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்கிறேன். குழு 8 பேர்: நடிகர் 6, பறை அல்லது மிருதங்கம் 1, கலந்துரையாடலை நடத்துபவர் 1. ஒரு நாளைக்கு இரண்டு பள்ளி (காலை 10, மதியம் 2). மூன்றாவது வைத்தால் குரல் போய்விடும்.

ஆட்ட நாள் 10, ஆளுக்கு 1,500 ரூபாய்: 1,20,000. ஒத்திகை 15 நாள், ஆளுக்கு 800: 96,000. வேன் 50,000. சாப்பாடு 32,000. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் வீதம் ஒரு நாள் பயிற்சி 20,000. எட்டுப் பக்கக் கையேடு 4,000 படி, படிக்கு 12 ரூபாய்: 48,000. நாடகம் முடிந்து மூன்று வாரம் கழித்து மறுபடி பள்ளிக்குப் போக 50,000. பிரதி எழுதவும், அதைச் சட்டம் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் பார்க்கவும் 35,000. உடை, பொருட்கள் 15,000. எதிர்பாராத செலவு 34,000. மொத்தம் 5 லட்சம், பிள்ளைக்கு 125 ரூபாய்.

மேடை, விளக்கு, ஷாமியானா எதுவும் இதில் இல்லை. தேவையும் இல்லை.

9 ஆகஸ்ட்

நேற்றைய கணக்கில் ஒரு தவறு, திருத்துகிறேன். ஒத்திகைக்கு 800, ஆட்டத்துக்கு 1,500 என்று பிரித்தது நியாயமில்லை. ஒத்திகை நாளில் நடிகர் வேறு வேலைக்குப் போக முடியாது. பாதிக்கூலி கொடுத்தால் மூன்றாம் நாளிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் வராமல் போவார்கள், கடைசியில் 15 நாள் ஒத்திகை 6 நாளாகிவிடும். முழுக்கூலி கொடுத்தால் ஒத்திகை 1,80,000, அதாவது 84,000 கூடுதல். அதை ஈடுகட்டப் பள்ளி எண்ணிக்கையை 20இலிருந்து 14 ஆக்குங்கள். ஆட்ட நாள் 7 ஆகும். கூலி, வேன், சாப்பாடு, கையேடு, பயிற்சி, மறுவருகை எல்லாம் சேர்ந்து 96,000 குறையும். மிஞ்சும் 12,000 எதிர்பாராத செலவுக்கு. பிள்ளைக்கு 179 ரூபாய் ஆகிறது. நன்கொடையாளரிடம் சொல்ல 4,000 என்ற எண் அழகாகத்தான் இருக்கும். ஆனாலும் நன்றாகச் செய்த 2,800க்கு என் வாக்கு.

9 ஆகஸ்ட், இன்னொரு வாசகர்

பள்ளியில் 600 பேர் இருந்தால் எல்லாரையும் உட்கார வைக்கச் சொல்வார் தலைமையாசிரியர். என்ன செய்வது?

10 ஆகஸ்ட்

முன்கூட்டியே கடிதத்தில் 200 என்று எழுதி வாங்குங்கள். ஏன் 200 என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வட்ட அரங்கில் ஆடுமிடம் நடுவில் 3 மீட்டர் ஆரம். மைக் இல்லாமல் வசனம் தெளிவாகக் கேட்க, கடைசிப் பிள்ளை மையத்திலிருந்து 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இடையில் உள்ள வளையம் ஏறக்குறைய 125 சதுர மீட்டர். தரையில் உட்கார ஒரு பிள்ளைக்கு அரை சதுர மீட்டர். 250 பேர் வரும், நடிகர் வந்துபோக இரண்டு வழி விட்டால் 200. அதற்கு மேல் போனால் மைக் வேண்டும். மைக் வந்தால் கை ஒன்று அதைப் பிடித்துக்கொள்ளும், நடிகர் நகர முடியாது, பிள்ளைகள் பேச எழும்போது மைக் அவர்களைத் தேடி ஓட வேண்டியிருக்கும். கலந்துரையாடல் அங்கேயே செத்துவிடும்.

வெயில் திசை பார்த்து உட்கார வையுங்கள், மதிய ஆட்டத்தில் சூரியன் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். சுற்றுச்சுவருக்கு வெளியே பஸ் போகும் சாலை இருந்தால் எதிர்ப் பக்கக் கட்டட நிழலுக்குப் போய்விடுங்கள். ஜமுக்காளம் பள்ளியில் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். நேரம் இரண்டு பீரியட்: 40 நிமிடம் நாடகம், 40 நிமிடம் பேச்சு. தலைமையாசிரியர் உரை, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் பேச்சு நேரத்தைத்தான் தின்னும். இருந்தால் பள்ளி மணி அடித்த பிறகு, ஆசிரியர் அறையில்.

அனுமதிக்கு முதன்மைக் கல்வி அலுவலரிடம் பிரதியும் பள்ளிப் பட்டியலும் சேர்த்துக் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை அனுமதி அலுவலர் மாற்றலானதும் காற்றோடு போகும்.

14 ஆகஸ்ட்

இனி நாடகம். பலர் செய்வது, அடிப்படை உரிமைகள் ஆறையும் ஆறு பேர் அட்டை பிடித்துச் சொல்வது. அது பாடப்புத்தகத்தை உரக்கப் படிப்பதுதான். அரசியலமைப்பு நிர்ணய சபை விவாதங்கள் 12 தொகுதி இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை முழுக்க முழுக்க உரையாடல். நாடகக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்றிரண்டு காட்சி சொல்கிறேன்.

ஏழு நாற்காலி. 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைந்த வரைவுக் குழுவில் ஏழு பேர். 1948 நவம்பர் 5 அன்று சென்னையிலிருந்து போன டி.டி. கிருஷ்ணமாச்சாரி சபையில் எழுந்து, அந்த ஏழு பேருக்கு என்ன ஆயிற்று என்று சொன்னார். ஒருவர் விலகினார், அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். ஒருவர் இறந்தார், அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில். ஒருவருக்கு வேறு அரசு வேலை. ஓரிருவர் உடல்நலத்தால் டெல்லிக்கு வெளியே. சுமை கடைசியில் அம்பேத்கர் மேல் விழுந்தது. மேடையில் ஏழு பள்ளி நாற்காலி போடுங்கள். கட்டியங்காரன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எடுக்கட்டும். வேறு வசனமே இல்லாமல் பிள்ளைகளுக்குப் புரியும்.

தீண்டாமை ஒழிப்பு. 1948 நவம்பர் 29 அன்று விவாதத்துக்கு வந்து அன்றே நிறைவேறியது, இப்போது அது 17ஆம் பிரிவு. வரவேற்றுப் பேசியவர்களில் சென்னை மாகாணத்து வி.ஐ. முனுசாமி பிள்ளை ஒருவர். நசிருதீன் அகமது ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: மதம் அல்லது சாதி காரணமாக யாரையும் தீண்டத்தகாதவராக நடத்தக்கூடாது என்று தெளிவாக எழுதுவோம் என்று. கே.டி. ஷா, தீண்டாமை என்ற சொல்லுக்கே சட்டத்தில் விளக்கம் இல்லையே என்றார். அம்பேத்கர் திருத்தத்தை ஏற்கவில்லை, அது தோற்றது. இங்கே நாடகத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: விளக்கம் எழுதியிருக்க வேண்டுமா, எழுதாமல் விட்டது நல்லதா? எழுதினால் எழுதாத வடிவம் எல்லாம் தப்பிக்கும் என்று ஒரு பிள்ளை சொல்லும். எழுதாவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் அவர்கள் இஷ்டத்துக்குப் பொருள் சொல்வார்கள் என்று இன்னொன்று சொல்லும். இரண்டுக்கும் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

15 ஆகஸ்ட்

மேலே '17ஆம் பிரிவு' என்று எழுதிவிட்டேன். பேச்சு வழக்கில் பிரிவு, பள்ளிப் புத்தகத்தில் சட்டப்பிரிவு, அதிகாரபூர்வத் தமிழ்ப் பதிப்பில் உறுப்பு. நாடகத்தில் 'உறுப்பு 17' என்றால் பிள்ளைகள் சிரிக்கும். தேர்வில் எழுதப்போகும் சொல்லையே மேடையிலும் சொல்லுங்கள், கையேட்டில் மற்றதையும் ஒரு வரியில் குறியுங்கள்.

இதைவிட மோசமான பிழை முகவுரையில் வரும். 1949 நவம்பர் காட்சியில் அம்பேத்கர் வேடமிட்டவர் 'சமதர்ம, சமயச்சார்பற்ற' என்று வாசிப்பார். அந்த இரண்டு சொல்லும் 'ஒருமைப்பாடு' என்பதும் 1976இல் 42ஆவது திருத்தத்தால் சேர்ந்தவை. சுவரில் இருக்கும் அச்சிட்ட முகவுரையைப் பார்த்துப் பிரதி எழுதுவதால் வரும் கோளாறு இது. இரண்டு வாசகத்தையும் இரண்டு நடிகர் மாறிமாறி வாசித்தால் பிழை பாடமாகிவிடும். அதேபோல ஏற்றது 1949 நவம்பர் 26, உறுப்பினர் கையெழுத்திட்டது 1950 ஜனவரி 24, நடைமுறைக்கு வந்தது ஜனவரி 26. மூன்றையும் ஒரே காட்சியில் குழப்பாதீர்கள்.

21 ஆகஸ்ட்

பிள்ளைகளே காட்சி ஆக்கும் வேலைக்கு ஆசிரியர் பயிற்சியில் இதைக் கொடுங்கள். நிர்ணய சபை உரை ஒன்றில் இரண்டு பக்கம் மட்டும், தமிழில். ஐந்து பேர் குழு. மூன்று வரியை அடிக்கோடிட வேண்டும்: இவர் என்ன கேட்கிறார், ஏன் கேட்கிறார், யாருக்குப் பதில் சொல்கிறார். பிறகு தாளை மூடிவிட்டு அதைத் தங்கள் ஊர்த் தமிழில் 90 நொடியில் பேச வேண்டும். கடைசியில் தாளைத் திறந்து, பொருள் மாறியிருக்கிறதா என்று வேறொரு குழு பார்க்கும். சொல் மாறலாம், பொருள் மாறக் கூடாது. மொத்தம் இரண்டு பீரியட். மூன்றாவது கேள்வியில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். யாருக்குப் பதில் என்று தெரியாமல் பேசினால் அது மேடைப்பேச்சு ஆகிவிடும், காட்சி ஆகாது.

நல்ல உரைகள்: தாட்சாயணி வேலாயுதன், சென்னை மாகாணத்திலிருந்து தேர்வானவர், சபையில் இருந்த ஒரே தலித் பெண். 1946 டிசம்பரில் ஜெய்பால் சிங் ஆதிவாசிகளுக்காகப் பேசியது. மொழி விவாதம், 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை. அதில் எண்களை எந்த வடிவத்தில் எழுதுவது என்றே பெரிய சண்டை நடந்தது. கணக்குப் பாடம் பிடிக்காத பிள்ளையும் அதை ரசிக்கும்.

22 ஆகஸ்ட்

கையேட்டைப் பற்றி ஒரு நண்பர், "காசு மிச்சம் பண்ணலாம், பிடிஎப் அனுப்பினால் போதாதா" என்கிறார். போதாது தோழர். கையில் இருக்க வேண்டும். 2019இல் பிராட்வேயில் ஓடிய, ஹெய்டி ஷ்ரெக் எழுதி நடித்த நாடகத்தில் பார்வையாளர்களுக்கு அமெரிக்க அரசியலமைப்பின் சட்டைப்பைப் பதிப்பைக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு பள்ளி மாணவி மேடையேறி, இதை வைத்துக்கொள்வதா தூக்கி எறிவதா என்று நடிகரோடு வாதிடுவாள். தாள் கையில் இருப்பதால்தான் அந்த வாதம் அரங்கத்துக்கே சொந்தமாகிறது. நம் சபையிலும் அம்மு சுவாமிநாதன் 1949 நவம்பர் 24 அன்று பேசும்போது, அரசியலமைப்பு என்பது கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளும் சிறிய நூலாக இருக்கும் என்று எண்ணியிருந்ததாகவும், இது இவ்வளவு பெரிதாகிவிட்டதே என்றும் வருந்தினார். 395 பிரிவு, 8 அட்டவணை ஆயிற்றே. அவர் கேட்ட சிறிய நூலை எட்டுப் பக்கத்தில் நாம் கொடுக்கலாம்: முகவுரை, பிரிவுகள் 14, 15, 17, 19, 21, 21அ, 32.

2 செப்டம்பர்

பொது இடங்களில் சாதி, மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்னும் 15(2)ஐ எப்படிக் காட்சியாக்குவது என்று கேட்டவருக்கு. கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று அந்தப் பிரிவு பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. டீக்கடை இரட்டைக் குவளையைக் காட்டினால் போதும், விளக்கமே வேண்டாம். இதற்குப் பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவாலின் விவாத அரங்கு முறை பொருந்தும். காட்சியை அநியாயத்தில் முடித்துவிட்டு மறுபடி தொடங்குவது, பிள்ளைகளில் ஒருவர் 'நிறுத்து' என்று எழுந்து பாதிக்கப்பட்டவர் இடத்தில் நின்று வேறு விதமாகச் செய்து பார்ப்பது. போவால் 1993 முதல் 1996 வரை ரியோ நகரசபை உறுப்பினராக இருந்தபோது, இப்படி மக்கள் ஆடிக்காட்டியதிலிருந்து 13 சட்டங்கள் பிறந்தன.

எச்சரிக்கை: அந்த ஊரில் யார் வீட்டுப் பிள்ளை யார் என்று குழுவுக்குத் தெரியாது, வகுப்புக்குத் தெரியும். பாதிக்கப்பட்டவர் வேடத்துக்கு எந்தப் பிள்ளையையும் நீங்களாகச் சுட்டி அழைக்கக் கூடாது. கடைக்காரர் வேடத்தை எப்போதும் குழு நடிகரே செய்யட்டும். ஊர்ப் பெயர், சாதிப் பெயர் வசனத்தில் வேண்டாம். முடிந்ததும் நடிகர்கள் வேடம் கலைத்துத் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

3 செப்டம்பர்

யோசித்துப் பார்த்தேன். மேலே சொன்னது முதல் ஆட்டத்திலேயே செய்யக்கூடியது அல்ல. ஆசிரியர் பயிற்சியில் ஒருமுறை ஆசிரியர்களை வைத்து ஆடிப் பார்த்து, எந்தப் பள்ளியில் அவர்கள் தயங்குகிறார்கள் என்று கவனியுங்கள். அந்தப் பள்ளியில் டீக்கடைக் காட்சியைக் காலம் தள்ளி 1948இல் வையுங்கள். பிள்ளைகள் தாமாகவே இன்றைக்குக் கொண்டு வந்துவிடுவார்கள்.

19 செப்டம்பர், கேள்வி கேட்டவர்

ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தர முன்வந்திருக்கிறது, ஜனவரி 26 அன்று ஒரே பெரிய விழாவாக. அமெரிக்காவில் இருக்கும் உறவினர்களும் அனுப்புகிறேன் என்கிறார்கள்.

20 செப்டம்பர்

ஒரே விழா என்றால் அந்த நிதிக்கே சிக்கல். மராத்தான், விருது விழா மாதிரி ஒருமுறை நிகழ்ச்சிகள் கணக்கில் சேராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. பயிற்சி, ஆட்டம், மறுவருகை என்று திட்டமாக எழுதுங்கள். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கல்வி என்ற தலைப்பின் கீழ் வரும். உங்கள் அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்குப் பதிவு (12ஏ, 80ஜி என்பார்கள்), சமூகப் பொறுப்பு நிதி வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 எண், மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். பின்னணியில் கம்பெனிப் பதாகை கட்டச் சொன்னால் பள்ளி வாசலில் கட்டுங்கள். வட்டத்துக்குள் வேண்டாம், பேச்சுரிமை தரும் 19ஆம் பிரிவைப் பேசும் நடிகரின் தலைக்குப் பின்னால் விளம்பரம் இருக்கக் கூடாது.

அமெரிக்க உறவினர்: இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், ஓ.சி.ஐ. (வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினர்) அட்டை இருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். எப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். பதிவு உள்ள வேறு அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றுவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது.

7 அக்டோபர்

19ஆம் பிரிவுக்குக் காட்சி தேடுகிறவர்களுக்கு: நாடகக்காரர்களின் சொந்த வழக்கே இருக்கிறது. 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டப்படி பிரதியைக் காவல்துறைக்குக் கொடுத்துத்தான் நாடகம் போட முடிந்தது. 'பரீக்‌ஷா' நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரண் என்று செல்லாததாக்கியது. காட்சி எளிது. நாடகம் தொடங்கும், போலீஸ்காரர் வேடத்தில் ஒருவர் வந்து நிறுத்தி, பிரதியைக் கேட்டு, வரிவரியாக அடிப்பார். மிஞ்சியதை வைத்து நடிகர்கள் ஆட முயல்வார்கள். பிறகு பிள்ளைகளிடம் கேளுங்கள்: எந்த வரியை அடித்தது சரி? 19(2)இல் உள்ள நியாயமான கட்டுப்பாடுகள் அப்போதுதான் உறைக்கும். 'எல்லாம் பேசலாம்' என்று முடித்துவிட்டால் பாதிப் பாடம்தான்.

சென்னையிலிருந்து போன வழக்குகள் இன்னும் உண்டு. 1950இல் ஏ.கே. கோபாலன் (தடுப்புக்காவல்), ரமேஷ் தாப்பர் (பத்திரிகைத் தடை) இரண்டும் சென்னை அரசுக்கு எதிரானவை. 1951 செண்பகம் துரைராஜன் வழக்கில் சாதி, மத வாரியாகக் கல்லூரி இடம் ஒதுக்கிய வகுப்புவாரி ஆணை செல்லாது என்றானதும் போராட்டம் எழுந்து, அதே ஆண்டு முதல் திருத்தத்தில் இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) சேர்ந்தது. பெரிய வகுப்புகளுக்கு நல்ல நீதிமன்றக் காட்சி. இரண்டு தரப்பு வழக்கறிஞரும் பிள்ளைகளாக இருக்கட்டும்.

11 நவம்பர்

மறுவருகை எதற்கு, அந்த 35,000 ரூபாயில் இன்னும் இரண்டு பள்ளி சேர்க்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நாடகம் முடிந்த அன்று 'பிடித்ததா' என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும், அதில் ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் கழித்துப் போய், கையேடு இல்லாமல் மூன்று கேளுங்கள். நசிருதீன் அகமது என்ன கேட்டார்? அவர் சொன்னது சரி என்று நினைக்கிறாயா, ஏன்? உன் ஊரில் 15(2) பட்டியலில் உள்ள எந்த இடத்துக்கு நீ தினமும் போகிறாய்? வகுப்புக்கு 20 பேர் எழுதினால் போதும், பெயர் வேண்டாம். முதல் கேள்விக்குப் பதில் வராமல் மூன்றாவதற்கு வந்தால் நடிப்பு நன்றாக இருந்தது, ஆவண வேலை நடக்கவில்லை என்று பொருள். தலைகீழாக வந்தால் காட்சியில் உயிர் இல்லை. ஏழு பள்ளிகளில் ஆட்டம் முடிந்ததும் மூன்று வாரம் இடைவெளி விட்டு, அங்கே எழுதி வாங்கியதைப் படித்துப் பிரதியைத் திருத்திவிட்டு மற்ற ஏழுக்குப் போங்கள். அதனால் இரண்டாவது சுற்று பிப்ரவரி நடுவில் விழும். முதன்மைக் கல்வி அலுவலரிடம் கேட்ட தேதிகளை இன்றே மாற்றி எழுதிக் கொடுங்கள்.